பிழிந்த தண்ணீர்

அவளை ஊரில் எல்லாரும் ‘விடுவிடு’ என்றுதான் கூப்பிட்டார்கள். நடையும் அப்படி, பேச்சும் அப்படி. அவளும் ஓரகத்தியும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, துருவி, பிழிந்து, மாவாக்கி விற்றுப் பிழைத்தவர்கள். துருவுபலகையில் இழுபட்டு இருவருக்கும் விரல்மூட்டுகள் எப்போதும் தோலுரிந்தே கிடக்கும்.

பெண்கள் சங்கத்தின் கொட்டகைக்குத் துருவும் மெஷினும் பிழியும் மெஷினும் வந்தபோது முதலில் கைவைத்தவள் விடுவிடுதான். ஓரகத்தி தயங்கினாள்.

“கை போயிடும்டி!”

“இப்ப மட்டும் உன் கை முழுசாவா இருக்கு? வாக்கா.”

அக்கா சிரித்துவிட்டாள். வந்தாள். வாரம் முழுக்கத் துருவ வேண்டியதை ஒரே காலையில் முடித்தார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அக்கா பகலில் காலை நீட்டித் தூங்கினாள்.

சிக்கல் தண்ணீரில் இருந்தது. அவர்கள் பயிரிடுவது கசப்புக் கிழங்கு. பிழிந்த பாலில் விஷம் உண்டு. கையால் பிழிந்த காலத்தில் ஒரு குடம் வரும், மண் குடித்துவிடும். இப்போதோ கொட்டகைக்குப் பின்னால் ஓடையாக ஓடியது. அது தேங்க ஒரு குழி வெட்டித் தரச் சொல்லி விடுவிடு வீட்டில் கேட்டாள்.

“அறுப்பு முடியட்டும், பாக்கலாம்” என்றான் புருஷன்.

பெண்களே தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் பாறை தட்டியது. அதற்காக மெஷினை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை, அவளுக்கும்தான்.

ஒரு மத்தியானம் அக்காவின் ஆடுகள் அந்தத் தண்ணீரைக் குடித்தன. பொழுது சாய்வதற்குள் எல்லாம் காலை உதைத்துக்கொண்டு செத்தன. அதில் ஒன்று சினையாடு.

“வாக்கா வாக்கான்னு கூப்பிட்டியே, இதுக்குத்தானா?” என்றாள் அக்கா. அவள் விடுவிடுவிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஊர் கூடிக் கொட்டகையைப் பூட்டியது. அறுப்பு முடிந்ததும் ஆண்கள் கடப்பாரையோடு போய்ப் பாறையை உடைத்துக் குழி வெட்டினார்கள். சாவி மட்டும் பெண்களிடம் திரும்பவில்லை.

“இனிமே மெஷினை நாங்க பாத்துக்கறோம். நீங்க தோல் சீவினா போதும்” என்றான் புருஷன்.

பெல்ட் கழன்றால் மட்டும் அவளைக் கூப்பிடுகிறார்கள். மாட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவாள். எதிரே அக்கா. இருவருக்கும் நடுவே தோல் குவியும்.

போன வாரம் அக்காவின் கத்தி மழுங்கிவிட்டது. விடுவிடு தன் கத்தியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். அக்கா தொடவில்லை. மழுங்கிய கத்தியாலேயே கடைசிக் கிழங்குவரை சீவிவிட்டு, முந்தானையை உதறி எழுந்து போனாள்.