பொங்கல் வாழ்த்தாகிப்போன வசவு

திரும்பி வந்த புத்தகத்தை இசக்கிசெல்வி முதலில் திறப்பதில்லை. முதுகைப் பிடித்துத் தலைகீழாக்கி இரண்டு உதறு உதறுவார். ரயில் பாஸ், முடிக் கிளிப், தேர்வுக்கு எழுதிவைத்த பிட் எல்லாம் மேசையில் விழும். அவற்றை பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுப் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோவார்.

"வடாபாவ் தின்ன கையி. கழுவிட்டுப் படிச்சா எழுத்து ஓடிப்போயிருமால?"

எதிரே நிற்கிற மாணவனுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குரலே போதும். "சாரி ஆன்ட்டி" என்று நழுவிவிடுவான்.

செம்பூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில், புத்தகம் கொடுத்து வாங்குகிற கவுண்டர் அவருடையது. வீடு தாராவியில். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சக்கரம் வைத்த நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார். பேராசிரியர் யாராவது வந்தால் மரியாதைக்கு ஒரு காலை இறக்குவார். இரண்டு காலையும் இறக்கினால் வந்திருப்பவர் மிகப் பெரிய ஆள் என்று வரிசையில் நிற்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

அந்த நாற்காலிக்குத்தான் சென்ற ஆண்டு ஆபத்து வந்தது. நூலகத்தின் கணினி வேலையைப் பார்த்துவந்த கம்பெனி, மாணவர்கள் தாங்களே பதிந்துகொண்டு புத்தகம் எடுத்துப்போகும் இயந்திரம் ஒன்றையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னது. இயந்திரம் வந்தால் கவுண்டர் வேண்டாம். இசக்கிசெல்விக்கு விடைத்தாள் கிடங்கு என்று பேச்சு அடிபட்டது.

"அங்க எலிதான இருக்கு. எலிகூட என்னத்தப் பேச? அது பாட்டுக்குப் பேப்பரத் தின்னுட்டுக் கெடக்கும்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் முறையிட்டார்.

சீத்தா கேம்ப்பிலிருந்து வருகிற தமிழ்ப்பெண் ருக்சானா கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவள். கம்பெனியே வேண்டாம், காசில்லாமல் கிடைக்கும் நூலக மென்பொருள் இருக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்திக்கொள்ளலாம் என்று எழுதிக்கொடுத்து, சோதனைக்கு அனுமதியும் வாங்கிவிட்டாள். அதில் இயந்திரம் கிடையாது என்று கேட்ட உடனே இசக்கிசெல்வி அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

"யாரு எழுதுனதுட்டீ?"

"உலகம் பூரா யாரு யாரோ, அக்கா. எழுதி சும்மா விட்டுட்டாங்க."

"கோயில் கொடைக்குச் சோறு பொங்குத மாதிரின்னு சொல்லு. வாரவன் எல்லாம் ஒரு கை கிண்டுதான். அப்ப நானும் கிண்டலாம்லா?"

கிண்டினார். புத்தகத்தைக் கெடு தாண்டி வைத்திருப்பவர்களுக்குப் போகும் குறுஞ்செய்தியில் என்ன எழுதலாம் என்று ருக்சானா கேட்டாள். சோதனைக்குத்தானே என்று, அவர் சொல்லச் சொல்ல அப்படியே தட்டினாள். இருவருக்கும் அடக்கமுடியாத சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ருக்சானா ஒன்றை மறந்துவிட்டாள். மென்பொருள் தினமும் விடியற்காலையில் தானாகவே செய்தி அனுப்பும். எல்லோருடைய செல்போன் எண்களும் ஏற்கெனவே அதற்குள் ஏறியிருந்தன.

பொங்கலன்று காலை, கெடு தாண்டிய அத்தனை பேருக்கும் போனது இது:

"எலே, படிக்கதுக்கு வாங்கிட்டுப் போனியா, பரண்ல போடதுக்கு வாங்கிட்டுப் போனியா? கழுதப் பொதி மாதிரி எத்தன நாளு சொமப்ப? மருவாதியாக் கொண்டாந்து வையி. நான் வந்தேன்னா நல்லாருக்காது. இப்படிக்கு, நூலகம்."

வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியாது. வடாலாவிலிருந்து வருகிற தமிழ்ப் பையன்கள்கூட அம்மாவிடம் காட்டலாம் என்று வைத்துக்கொண்டார்கள். தமிழ் எழுத்து, பொங்கல் நாள், நூலகம் என்று மூன்றையும் கூட்டிப் பார்த்த மற்றவர்கள், இது இசக்கிசெல்வியின் பண்டிகை வாழ்த்து என்று முடிவு கட்டினார்கள். மராத்திப் பேராசிரியர்கள் சங்கராந்தி எள்ளுருண்டையோடு கவுண்டருக்கு வந்தார்கள். வருவதுதான் வருகிறோம் என்று வீட்டில் கிடந்த புத்தகங்களையும் எடுத்துவந்தார்கள். "ஹேப்பி பொங்கல், இசக்கி தாயீ!" என்று மராத்தியில் அக்கா முறை வைத்து ஒவ்வொருவராகக் கைகுலுக்க, இசக்கிசெல்வி எல்லோருக்கும் "ஸேம் டு யூ" சொல்லிக்கொண்டிருந்தார். பிஸ்கட் டின் எள்ளுருண்டையால் நிரம்பியது. புத்தகக் குவியல் ஜன்னலை மறைத்தது.

"அக்கா, யாருக்கும் புரியல. தப்பிச்சோம்" என்றாள் ருக்சானா.

"ரிஜிஸ்ட்ரார் சாருக்குப் போயிருக்குமாட்டி?"

ருக்சானா திரையைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

பதிவாளர் அனந்தநாராயணன் மாட்டுங்காக்காரர். தமிழ்ப் பத்திரிகையை விளம்பரம் உள்பட வாசிப்பவர். எந்த மென்பொருள் என்று முடிவு செய்யும் கூட்டம் அன்று பிற்பகல். அதற்குத் தலைவரும் அவர்தான். மதியம் கையில் கோப்போடும், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடும் அவர் நூலகத்துக்குள் நுழைந்தார். இசக்கிசெல்வியின் இரண்டு கால்களும் தரைக்கு வந்தன.

"இசக்கியம்மா, எங்காத்துல பரணே கிடையாது, கேட்டேளா. ஃப்ரிட்ஜ் மேலயாக்கும் இருந்தது."

"சார், அது டெஸ்டிங்கு சார்..."

"டெஸ்டிங்கே இப்படின்னா, அசல் எப்படி இருக்கும்?"

அனந்தநாராயணன் புத்தகக் குவியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இத்தனையும் இன்னிக்கு வந்ததா?"

"ஆமா சார்."

"இந்த வாசகத்தை மாத்தணும்னா யார்கிட்ட சொல்லணும்? பழைய கம்பெனிக்காரன் ஒரு வரி மாத்தறதுக்கு ஒரு மாசம் இழுப்பான்."

"இப்பவே மாத்திடலாம் சார், நம்மளுதுதான்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு, டின்னிலிருந்து ஓர் எள்ளுருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதை மெல்லக் கரைத்து முடித்தார்.

"அந்த 'எலே'யை மாத்திரம் எடுத்துடுங்கோ. பாக்கி இருக்கட்டும். கூட்டத்துல நான் பேசிக்கறேன்."

பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார். இசக்கிசெல்வியின் கை, யாருடைய புத்தகம் என்று யோசிக்காமல், அதைப் பிரித்துத் தலைகீழாக்கி இரண்டு உதறு உதறியது. பொரிக்காத அப்பளம் ஒன்று விழுந்து, மேசையில் உருண்டு, பதிவாளரின் கோப்பில் முட்டிச் சாய்ந்தது.

பால்கனியில் தக்காளி வளர்ப்பதைப் பற்றிய புத்தகம் அது. அப்பளம் இருந்த இடத்தில் வட்டமாக எண்ணெய்த் தடம். இசக்கிசெல்வி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்; தொட்டியில் மண் நிரப்புகிற படம்.

"இன்னும் வெதையே போடலியே சார்."

அனந்தநாராயணன் மேற்கூரையைப் பார்த்தார். இசக்கிசெல்வி அப்பளத்தை முந்தானையில் துடைத்து, அதே பக்கத்தில் வைத்து மூடினார். புத்தகத்தை மறுபடியும் அவர் பெயரிலேயே பதிந்து அவர் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டார்.