போய்ச் சேர்ந்த சேதி

போடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வாயும் அதிகம், குரலும் அதிகம். ஏலக்காய் வியாபாரிகள் பம்பாய்க்கு டிரங்க் கால் கேட்பார்கள். ஊர் தூரம் என்பதால் அவர்கள் கத்துவார்கள். சளைக்காமல் நானும் கத்துவேன். பக்கத்து போர்டில் இருந்த அக்கா ஒரு நாள் என் ஹெட்போனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

“நீ கத்துறதுக்குக் கம்பியே வேணாமே. மெதுவாப் பேசத்தானே கம்பி போட்டிருக்காக” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு மதியம் அவர் டிபன் பாக்ஸில் கொண்டுவந்த மீன் குழம்பு என் ரோஷத்தைத் தீர்த்துவைத்தது. என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். வேலையை அவரிடம்தான் கற்றேன், வியாபாரிகளிடம் சிரித்துக்கொண்டே சண்டை போடுவதையும்.

எங்கள் வேலையில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். நாங்கள் இருவரும் ‘போடி’. மதுரை போர்டுக்காரி ‘மதுரை’, பம்பாய் லைன் அவள் வழியாகத்தான் வரும். பம்பாய் போர்டில் ஒரு மலையாளத்துப் பெண் இருந்தார், அவரைச் சேச்சி என்போம். லைன் கிடைக்கும்வரை அக்காவும் அவரும் பாதி மலையாளம், பாதி தமிழில் கதை பேசுவார்கள். ஒன்பது வருஷப் பழக்கம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அந்தச் சேச்சியை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஒரே ஆசை. ஒரு கோடையில் லீவு போட்டுக் கிளம்பியேவிட்டார். கல்யாணம் ஆகாதவர், தனியாகவா போவது என்று தம்பி வீட்டில் தடுத்தார்கள். “பம்பாய்க்குத் தெனமும் போயிட்டு வாறவதான நான்” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். கல்யாணப் பெண் மாதிரி மல்லிகைப்பூ வைத்திருந்தார்.

திரும்பும் வழியில், ரயிலில், உட்கார்ந்த வாக்கிலேயே மாரடைப்பு. தம்பி போய் உடலைக் கொண்டுவந்தார். அடக்கத்துக்கு வந்த வியாபாரிகளில் பாதிப் பேருக்கு அவர் முகம் அன்றுதான் தெரியும். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. சேச்சியைப் பார்த்தாரா, பார்க்காமலே திரும்பினாரா என்றுகூடத் தெரியாமல் விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று கோபம்.

அடுத்த வாரம் பம்பாய் லைனில் வந்தது. சேச்சியும் அதுவரை லீவில் இருந்ததால் அவருக்குச் சேதி தெரியாது. சொல்லத் தைரியம் இல்லாமல் மதுரைக்காரி லைனை என்னிடம் தள்ளிவிட்டாள்.

“போடியோ? அக்கா சுகமா வந்து சேர்ந்தாச்சோ?” என்றார் சேச்சி.

செத்துவிட்டார் என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை. எங்கள் பக்கம் சொல்கிற மாதிரி, “போய்ச் சேந்துட்டாக சேச்சி” என்றேன்.

“ஹாவூ, சமாதானமாச்சு” என்று அவர் பெருமூச்சு விட்டார். ஊர் வந்து சேர்ந்துவிட்டதாகத்தான் அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் திருத்துவதற்குள் கதையை ஆரம்பித்துவிட்டார்.

பம்பாய் ஸ்டேஷனில் இருவரும் ஒரே தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெகுநேரம் நின்றிருக்கிறார்கள். அக்காவின் கனத்த குரலை வைத்து ஆஜானுபாகுவான ஒரு பெண்ணைச் சேச்சி தேட, சேச்சியின் கீச்சுக் குரலை வைத்து அக்கா ஒரு சின்னப் பெண்ணைத் தேடியிருக்கிறார். கடைசியில் ஒரு போர்ட்டரிடம் அக்கா “கொஞ்சம் பொறுங்க” என்று போர்டில் சொல்கிற தோரணையில் சொல்ல, சேச்சிக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. பெயர்தான் தெரியாதே. சந்தோஷத்தில் “போடி! போடி!” என்று கத்தியிருக்கிறார். முன்னால் போன ஒரு தமிழ்க்காரம்மா திரும்பி, “யாரைப் பாத்துப் போடிங்கிற?” என்று மல்லுக்கு நின்றுவிட்டாராம். அந்த அம்மாவைச் சமாதானப்படுத்தி முடித்த பிறகுதான் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். பார்த்துவிட்டார், ஆசை தீரப் பார்த்துவிட்டார் என்று மனசு நிறைந்தது.

“அவளுக்கு இன்னைக்கு எப்போ டியூட்டி?” என்றார் சேச்சி.

கம்பி மெதுவாகப் பேசத்தான். மெதுவாகச் சொன்னேன். “அக்கா செத்துட்டாக சேச்சி. வாற வழியில, ரயில்ல.”

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். “அவுகளப் பத்திச் சிரிச்சுக்கிட்டிருந்தீக. நிறுத்த மனசு வரல” என்றேன்.

மதுரை குறுக்கே வந்தாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நேரம் முடிந்தது என்று லைனை வெட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“பம்பாய், எனக்குப் பாதிதான் கேட்டுச்சு” என்றாள். “அந்த ஸ்டேஷன் கதையை முதல்ல இருந்து சொல்லு.”