உடைந்த கேசட் என்று சண்டை போட்டேன்

எனக்கு யாரையும் எளிதில் நம்ப வராது. தொண்ணூறுகளின் கடைசியில், அக்காவின் கல்யாண வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடிக்கும் முன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நினைத்தேன். காலமாகிவிட்ட அப்பா நடப்பதும் பேசுவதும் அதில் மட்டும்தான் இருக்கிறது.

பாறசாலையிலிருந்து பனச்சமூட்டில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர், வீடியோவை ஏற்றக் கம்ப்யூட்டருக்குள் மாட்டும் கார்டுதான் நல்லது என்றார். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எதையாவது மாற்றிவிடுவாரோ என்று பயந்து, வெளியே மாட்டும் கருவியை வாங்கினேன்.

"கேசட்டை ஓடவிட்டு வீடியோவ எடுத்தா போதும் அக்கா. லேசாக்கும்" என்றார்.

எங்களுக்கு வீடியோ எடுப்பது என்றால் ரெக்கார்ட் செய்வதுதான். வீட்டில் கேசட்டை டெக்கில் போட்டு, அதன் சிவப்பு ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன். கேசட் பட்டென்று வெளியே வந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார் என்று மறுநாள் கருவியையும் கேசட்டையும் கொண்டுபோய்க் கடையில் சத்தம் போட்டேன்.

அவர் கேசட்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டரிலயாக்கும் எடுக்கச் சொன்னேன். சிவப்புப் பட்டனை அமுக்கினா இதில உள்ளது அழிஞ்சு போவும். நல்லகாலம், இந்த மூலையில உள்ள பிளாஸ்டிக் சில்லை யாரோ ஒடிச்சு விட்டிருக்காவ. அதனாலதான் அழியாம டெக் வெளிய தள்ளிச்சு."

 அந்தச் சில்லை ஒடித்தது கல்யாண வீடியோக்காரர். உடைந்த கேசட்டைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று, கேசட்டைத் தந்த அன்று அவரோடு சண்டை போட்டவள் நான்.

இப்போது எந்தக் கேசட் கைக்கு வந்தாலும் முதலில் அந்தச் சில்லை நானே ஒடித்துவிடுகிறேன். கடைக்காரர்கள்மேல் சந்தேகம் போகவில்லை. ஆனால் பட்டனைத் தொடும் முன் என் விரலையும் சந்தேகப்படுகிறேன்.