பூஜையில் வைத்த சர்வர்

முப்பத்து நான்கு வயதிலும் சபாபதியின் வேலை கான்ட்ராக்ட்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, பகுதிநேரமாகக் கம்ப்யூட்டர் படித்து, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறு கம்பெனியில் சேர்ந்தவர். 1999இல் அந்தக் கம்பெனியில் எல்லாரும் இன்டர்நெட்டால் கோடீஸ்வரர் ஆகப்போகிறவர்கள். சபாபதி மட்டும் பெர்மனென்ட் ஆகப்போகிறவர்.

முதலாளி சண்முகரத்தினம் அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வுபெற்றவர்; யாழ்ப்பாணத்து வம்சம். ஒருநாள் சபாபதியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "விஜயதசமிக்குக் கிள்ளான் கப்பல் கம்பெனி மேனேஜர் வாறார். எங்கட சைட்டைக் காட்டி ஓடரைப் பிடிச்சா, நீர் பெர்மனென்ட்."

எந்தக் கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று காட்டும் சைட் அது. லினக்ஸ் இயந்திரம் ஒன்றில் ஜாவா வெப் சர்வராக ஓடியது. யார் வந்தார்கள், எங்கே இடறிற்று என்று சர்வர் தானே வரிவரியாக எழுதிக்கொள்ளும்; அதற்கு லாக் என்று பெயர். அந்த லாக் வீங்கி வீங்கிச் சின்ன டிஸ்க்கை அடைத்துவிடும் நிலைக்கு வந்திருந்தது. அடைத்தால் சர்வர் படுத்துவிடும். ஆகவே சபாபதி பெரிய டிஸ்க்கில் புது டைரக்டரி, அதாவது கோப்புகளுக்கு ஓர் அறை, திறந்து, இனி அங்கே எழுது என்று அமைப்புக் கோப்பில் பாதையை மாற்றினார். சர்வர் அந்தக் கோப்பைப் படிப்பது எழும்பும்போது மட்டும்தான். ஒருமுறை நிறுத்தி எழுப்பிப் பார்த்தால்தான் சரியா தவறா என்று தெரியும்.

அப்போதுதான் குங்குமத் தட்டோடு முதலாளி வந்தார்.

"தம்பி, கையை எடும். சரஸ்வதி பூசை தொடங்குது."

"ஒரே ஒரு ரீஸ்டார்ட் சார். பார்த்துடுறேன்."

"பூசையில வச்ச பேனாவை எடுத்து எழுதுவீரோ?"

"இது பேனா இல்லே சார்."

"எங்கட கம்பெனிக்கு இதுதானே பேனா!"

லோரிக்கும் தையல் மெஷினுக்கும் அன்று சந்தனம் பூசும் ஊரில் சர்வர் மட்டும் என்ன பாவம் செய்தது? அணைத்தார்கள். பொட்டு வைத்து மாலை போட்டார்கள். விஜயதசமி வரை யாரும் தொடவில்லை.

விஜயதசமியன்று மேனேஜர் ராதாகிருஷ்ணன் வந்து உட்கார்ந்தார். சுப நேரம் பார்த்து முதலாளியே பொத்தானை அழுத்தினார். லினக்ஸ் எழும்பியது. ஜாவா சர்வர் எழும்பவில்லை. காரணம் தேடி லாக்கைத் திறந்தார் சபாபதி. அதில் ஒன்றும் இல்லை. லாக் எழுத முடியவில்லை என்ற புகாரையும் அந்த லாக்கில்தானே எழுத வேண்டும்!

ராதாகிருஷ்ணன் சுண்டலை முடித்தார். "என்ன பாஸ், சாமி இன்னும் தூங்குதா? நான் போறேன், ரோட்டுல ஜாம் ஆயிரும். அடுத்த தடவ பாக்கலாம் லா."

நம் ஊரில் அடுத்த தடவை என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

லிஃப்ட் கதவு மூடிய பிறகு காரணம் கிடைத்தது. புது டைரக்டரியைச் சபாபதி ரூட் என்ற பெரிய அதிகாரியாக நுழைந்து திறந்திருந்தார். சர்வரோ பாதுகாப்புக்காகக் கீழ்நிலைச் சிப்பந்தியாக ஓடுவது. பெரியவர் அறையில் எழுதச் சிப்பந்திக்கு உரிமை இல்லை. ஒரு கட்டளையில் உரிமையாளரை மாற்றினார். கன்டெய்னர்கள் எல்லாம் திரையில் வரிசையாக வந்து நின்றன. பார்க்கத்தான் ஆள் இல்லை.

இதற்குள் முதலாளி பஞ்சாங்கத்தோடு வந்துவிட்டார். "நேரம் பிழைச்சுப்போச்சு தம்பி. நான்தான் சரியாப் பாக்கேல்லை. உம்மில பிழையில்லை."

ஒரு மேலதிகாரி தானாக முன்வந்து பழியேற்பது கிரகணத்தைவிட அபூர்வம். சபாபதி தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் காரணம் கண்டுபிடித்த சந்தோஷம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

"நேரம் எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு சார். டைரக்டரிக்கு உரிமை மாத்த மறந்துட்டேன். என் தப்புதான்."

"அப்பிடியோ" என்றார் முதலாளி. பஞ்சாங்கத்தை மூடியபோது அவர் முகத்தில் பெரிய நிம்மதி.

மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை.

"அவரே நேரத்து மேல பழியப் போட்டாரு. நீங்க ஏன் வாயத் தொறந்தீங்க?" என்றார் மனைவி லெட்சுமி.

"கண்டுபிடிச்சிட்டேன்லா."

"கண்டுபிடிச்சு?"

சபாபதி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுவாரம் அம்பாங்கில் ஒரு இன்டர்வியூ. முந்தைய வேலை ஏன் போயிற்று என்று கேட்டார்கள். சொன்னார். டைரக்டரியிலிருந்து ஆரம்பித்து, ஒன்றும் விடாமல்.