தும்மல் துரைசாமியாக நடித்தவர்

செம்பூர் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனபோது, உள்ளே மாட்டிக்கொண்டவர் வானமாமலை. மாட்டுங்காவில் தமிழ் நாடகம் போடுகிறவர். பழுது பார்க்க வந்த கணேசபாண்டியன், உள்ளே இருப்பவர் பதறாமல் இருக்கட்டும் என்று வேலை செய்தபடியே மேலிருந்து பாடினார். கதவு திறந்ததும் வானமாமலை நன்றி சொல்லவில்லை. "நடிப்பீங்களா?" என்றுதான் கேட்டார்.

அப்படித்தான் மான்குர்த்தில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக், தும்மல் துரைசாமி ஆனார். பழைய தொடர்கதை ஒன்றில் வந்து ஊரைச் சிரிக்க வைத்த மனிதர் இந்தத் துரைசாமி. யாராவது பொய் சொன்னால் அவருக்குத் தும்மல் வரும் என்று வைத்து, வானமாமலை அதைப் பாட்டு நாடகமாக்கியிருந்தார். தும்மலுக்கே தாளம் போட்ட ஒரு பாட்டை யாரோ செல்போனில் எடுத்துப் போட, அது காட்டுத்தீயாய்ப் பரவியது. தாராவியில் பிள்ளையார் ஊர்வலத்தில் பேண்டுக்காரர்கள் வாசித்தார்கள். கணேசபாண்டியனின் மூக்கு வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆயிற்று. லிஃப்ட் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம், ஒரு தரம் தும்மிக் காட்டச் சொல்லி இந்தியில் கெஞ்சினார்கள்.

அவருக்கோ ஒரு சந்தேகம். ஒத்திகையில் கேட்டேவிட்டார்.

"சார், அடுத்தவன் சொல்லுதது பொய்னு இவன் மூக்குக்கு எப்படித் தெரியுது?"

"கதையில அப்படித்தான். சின்ன வயசுல படிச்சது. வேணும்னா வாங்கிட்டுப் போய்ப் பாருங்க."

தைத்து வைத்திருந்த பழைய பத்திரிகைப் பக்கங்களை வாங்கி வந்தார். இந்திப் பள்ளியில் படித்தவர்; தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். நாங்குநேரியிலிருந்து கல்யாணமாகி வந்த மனைவி ஷாலினி ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசித்துக் காட்டினார். சிரிக்கிறதும் வாசிக்கிறதுமாகப் போய்க்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏங்க, அடுத்தவங்க பொய்க்கு இவரு தும்மவே இல்லையே. இவரு பொய் சொல்ல வாயெடுத்தாத்தான் தும்முதாரு."

"நல்லாப் பாரு ஷாலினி."

"பாத்துட்டுதான் சொல்லுதேன். பொண்ணு பாக்கப் போயிருக்காரு. பொண்ணு கர்ணகொடூரமாப் பாடுது. பிரமாதம்னு சொல்லப் போயி, தும்மல் வந்து மானம் போவுது."

கணேசபாண்டியன் அந்த இடத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். இத்தனை நாள் மேடையில் நெஞ்சை நிமிர்த்தி, திருடனைப் பிடிக்கும் போலீஸ்காரர் மாதிரி தும்மியிருக்கிறார். கதையில் இருந்தவனோ கைக்குட்டையும் நடுக்கமுமாக உட்கார்ந்திருந்தான். இவனைத்தான் அவருக்குப் பிடித்தது.

அடுத்த ஒத்திகையில் வானமாமலை அந்தப் பக்கத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"இத்தனை வருஷமா தப்பா ஞாபகம் வச்சிருந்திருக்கேன். ஆனா பாட்டை எடுக்க முடியாது. ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க."

"பாட்டு இருக்கட்டும் சார். இந்தச் சீனையும் சேத்துக்கிடுவோம்."

வாஷியில் நடந்த அடுத்த காட்சியில் சேர்த்தார்கள். பெண்ணாக நடித்தவர் அபஸ்வரமாகப் பாடி முடித்தார். துரைசாமி "பிர..." என்று தொடங்கித் தும்மினார். அரங்கில் சத்தமே இல்லை. பொய் பிடிக்கிறவரே பொய் சொல்கிறாரா என்று விழித்தார்கள். கணேசபாண்டியன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மறுபடி "பிர..." என்றார், மறுபடி தும்மல். எங்கோ பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. பாட்டுக்குக் கிடைத்த கைதட்டல் அளவுக்கு இல்லை. ஆனாலும் வானமாமலை அந்தக் காட்சியை நீக்கவில்லை.

திரும்பும் ரயிலில், நாடகம் பார்க்க வந்திருந்த ஷாலினியிடம் கணேசபாண்டியன் கேட்டார்: "அந்தப் பொண்ணு இவனுக்குச் சரின்னுட்டாளா?"

ஷாலினி ஏற்கெனவே கொஞ்சம் முன்னால் படித்திருந்தார். சொல்ல வாயெடுத்தார்.

"சொல்லாத," என்றார் அவர். "நீ வாசிக்கும்போதே கேட்டுக்கிடுதேன்."