மாப்புக் கேட்டு வந்தவர்கள்

எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த கிழமையே ஊருக்கும் தெரிந்துவிட்டது. ஊருக்கு என்னைவிடக் கூடுதலாகவே தெரிந்திருந்தது. நான் மௌத்தாகப் போகிறேன் என்று அது முடிவே கட்டிவிட்டது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கொழும்பில் மார்பை எடுத்துவிட்டு, மூன்று கிழமைக்கு ஒன்றாக ஆறு ஊசி ஏற்ற வேண்டும், ஆறையும் ஏற்றி முடித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். ஆனால் கல்முனையில் டாக்டர் சொல்வது ஒரு அபிப்பிராயம், மீன் சந்தையில் சொல்வதுதான் தீர்ப்பு. இது தொண்ணூறுகளின் பின்பாதியில் நடந்தது. அப்போது நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஊசி என்று பெயர்தானே தவிர, அது போத்தலில் இருந்து இறங்குகிற சிவப்பு மருந்து. நன்னாரி சர்பத் மாதிரி இருக்கும். இரண்டு முறை ஏற்றி, தலைமுடி முழுக்கக் கொட்டி, வீட்டில் படுத்திருந்தபோதுதான் ஊர் மாப்புக் கேட்டு வரத் தொடங்கியது.

மௌத்துக்கு நெருங்கியவரிடம் மாப்புக் கேட்பது எங்களுக்குள் பழைய வழக்கம். “தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழையப் பொறுத்துக்கங்க” என்பார்கள். “பொறுத்துட்டன், நீங்களும் பொறுத்துக்கங்க” என்று படுத்திருப்பவர் சொல்வார். ஒரு நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும், பிறகு தேத்தண்ணீர். என் கெட்ட காலம், அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மௌலவி இதைப் பற்றிப் பேசியிருந்தார். என்ன பிழை என்று சொல்லாமல் கேட்கிற மாப்பு விலாசம் எழுதாத கடிதம் மாதிரி, போய்ச் சேராது என்றாராம். நல்ல மனிதர், சொன்னதும் நல்ல விசயம்தான். ஆனால் அதைச் செய்து பார்க்க ஊருக்கு முதலில் அகப்பட்டது நான்.

வந்தார்கள். பிஸ்கட் பக்கற்றும் தோடம்பழமும் குரும்பையும் கொண்டு விலாசத்தோடு வந்தார்கள். ஒருவர் என் வளவுத் தென்னையில் ஏழு வருடமாகத் தேங்காய் பறித்திருக்கிறார். இத்தனை நாளும் நான் அணிலைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளைகளின் தாயான என் பழைய மாணவி ஒருத்தி, எனக்கு “முள்ளுமுருக்கை” என்று பட்டம் வைத்தது தான்தான் என்று அழுதாள். அப்படி ஒரு பட்டம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இன்னொருத்தி என் தங்கைக்கு வந்த சம்பந்தத்தைக் கெடுத்தவளாம். எல்லோருக்கும் “பொறுத்துட்டன், பொறுத்துட்டன்” என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவர்கள் மனம் லேசாகித் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு என்னோடு படிப்பித்த விஞ்ஞான டீச்சர் வட்டிலப்பம் கொண்டு வந்தாள். இருபது வருடச் சிநேகிதி, பாடசாலையில் ஒரே மேசையில் சோறு தின்றவள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“டீச்சர், ஒங்கள இறக்காமத்துக்கு மாத்தினாங்களே, ஒரு பெட்டிசம் போட்டு. அத எழுதினது நான்தான். பொறுத்துக்கங்க.”

“பொறுத்துட்டன்” என்று என் வாய், பழக்கதோசத்தில், நான் யோசிக்கும் முன்பே சொல்லிவிட்டது.

அந்தப் பெட்டிசம் பதினொரு வருடத்துக்கு முந்தியது. நான் பாடசாலை விடும் முன்பே வந்து வீட்டில் டியூசன் தொடங்கிவிடுகிறேன் என்று பெயரில்லாமல் யாரோ எழுதியிருந்தார்கள். அதனால் நாலு வருடம் விடியக்காலையில் பஸ் ஏறி, யானை வேலியை உடைத்துப்போட்ட பாதையால் இறக்காமத்துக்குப் போய் வந்தேன். நான் எத்தனை மணிக்கு டியூசன் தொடங்குகிறேன் என்பது பக்கத்து வளவில் இருப்பவளுக்குத்தான் தெரியும் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து வளவில் இருந்தவள் என் கணவரின் தங்கை, எனக்கு மச்சி. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இவர் பக்கத்து வளவிலிருந்து வேலியைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தவர், அவருடைய உம்மாவின் வீடு தங்கைக்குப் போனது. அந்தக் கிழமை மச்சிக்கும் எனக்கும் கோழி விசயத்தில் ஒரு சண்டையும் நடந்திருந்தது. அதற்குமேல் சாட்சி எதற்கு? இரண்டு வளவுக்கும் போய் வர வேலியில் இருந்த கடப்பை முள்ளுக்கம்பி போட்டு அடைத்தேன். பதினொரு வருடம் அவளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. டியூசன் நேரத்தை விஞ்ஞான டீச்சரிடம் தினமும் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது நானே சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகமே வரவில்லை.

ஊரே மாப்புக் கேட்டு வந்து போனபோது மச்சி மட்டும் வரவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று அதற்கும் ஏசியிருந்தேன். கேட்பதற்கு அவளிடம் ஒரு பிழையும் இல்லை என்பது அந்த வட்டிலப்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது.

“இப்பதான் மனசு லேசாப் போச்சு” என்றாள் விஞ்ஞான டீச்சர்.

அவள் இன்னும் படி இறங்கவில்லை, அதற்குள் என் நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தது மாதிரி ஒரு வலி. இடக்கை விறைத்து மூச்சு முட்டியது. திரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். ஹார்ட் அட்டாக் என்றார்கள். பிறகு கொழும்பில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இரத்தக்குழாய் எல்லாம் சுத்தம், ஒரு அடைப்பும் இல்லை என்றார். ஆனால் நெஞ்சின் நுனி வீங்கி, வேலை செய்யாமல் நின்றுபோயிருந்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அவர் சிங்களவர். என் கணவர் வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வட்டவிதானை, அந்த வேலையில் படித்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினார்: ஊரெல்லாம் இவவிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

புற்றுநோய்க்காரருக்கு இப்படி வருவதைக் கண்டிருக்கிறேன் என்றார் டாக்டர். வருத்தமும் பயமும் உடம்பை ஏற்கெனவே தின்றிருக்கும், அதற்குமேல் ஒரு அதிர்ச்சி வந்தால் நெஞ்சு தாங்காது. அநேகமாகத் திரும்பச் சரியாகும். சரியாகும் வரைக்கும் சிவப்பு மருந்து ஏற்ற முடியாது, அது நெஞ்சையும் பழுதாக்கும். ஏற்றாமல் விட்டால் புற்றுநோய் சும்மா இருக்காது. மூன்று கிழமை தந்தார். ஆட்களைச் சந்திக்கக் கூடாது, ஒன்றையும் யோசிக்கக் கூடாது. கணக்கு டீச்சரிடம் யோசிக்காதே என்கிறார்.

கணவர் கேற்றடியில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் முறைக்கு அடிபிடிப்படுகிற கமக்காரரை அடக்கியவருக்கு இது பெரிய வேலை இல்லை. வருகிறவர் வாயைத் திறக்கும் முன்பே, “பொறுத்தாச்சு, போங்க” என்பார்.

“நான் என்ன செஞ்ச எண்டு இன்னும் சொல்லல்லயே.”

“என்ன செஞ்சாலும் பொறுத்தாச்சு. குரும்பைய வச்சிட்டுப் போங்க.”

ஆனால் பக்கத்து வளவுக் கோழி கத்துவதை அவரால் நிறுத்த முடியுமா? ஒவ்வொரு கத்தலுக்கும் என் நெஞ்சு படபடத்தது. வெட்கம். பச்சை வெட்கம். பதினொரு நோன்புப் பெருநாள் அவள் அனுப்பிய வட்டிலப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டு கிழமை போயும் நாலு படி ஏற முடியவில்லை. இந்த நெஞ்சோடு கொழும்புக்குப் போனால் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள் என்பது எனக்கே தெரிந்தது.

போவதற்கு இரண்டு நாள் முந்தி, காலை பத்து மணிக்கு எழும்பி முக்காட்டைப் போட்டுக்கொண்டு கேற்றுக்கு வந்தேன்.

“எங்க போறாய்?” என்றார் கணவர்.

“மாப்புக் கேக்க.”

உள்ளே வருகிறவர்களைத் தடுக்கத்தான் அவர் ஆயத்தமாக இருந்தார். எழும்பி, நான் விழுந்தால் உட்காரவைக்கக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். கடப்பை நான்தானே அடைத்திருந்தேன், றோட்டால் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

மச்சி குசினிக்கு வெளியே சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தை, முக்காட்டை, பின்னால் நின்ற கதிரையை. மௌலவி சொன்னபடி விலாசம் எழுதியே கேட்டேன். பெட்டிசத்தை நீ எழுதினாய் என்று நினைத்தேன், பதினொரு வருடம் கதைக்கவில்லை, கடப்பை அடைத்தேன், வட்டிலப்பத்தைத் திருப்பினேன், பொறுத்துக்கொள் என்றேன்.

அவள் கையில் இருந்த மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

“பொறுக்க மாட்டன்.”

“என்ன?”

“பொறுக்க மாட்டன் மதினி. ஊரெல்லாம் பொறுத்து முடிச்சி ஒங்கள வழியனுப்பப் பாக்குது. நான் அதுக்கு ஆளில்ல. பதினொரு வருசம் என்னப் பேயாக்கி வச்சிட்டு, ஒரு சொல்லுல முடிச்சிட்டுப் போகலாமெண்டு வந்தீங்களா? நாலு ஊசி இரிக்கி தானே. ஏத்தி முடிச்சிட்டு வாங்க. பிறகு பாப்பம்.”

எனக்குக் கோபம் வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு மனிசி என்னோடு உயிரோடு இருக்கிற ஆளிடம் கதைப்பது போலக் கதைத்தாள். நோயாளி வாசலில் வந்து நிற்கிறேன், ஈரம் இல்லையா உனக்கு என்று கத்தினேன். ஈரம் இருந்ததால்தான் பதினொரு தரம் வட்டிலப்பம் அனுப்பினேன் என்று அவளும் கத்தினாள். கணவர் கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சு ஒன்றும் செய்யவில்லை. அழுதது நான்தான். அவளும் மீன் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொழும்பில் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், நெஞ்சு பழையபடி அடிக்கிறது, ஓய்வு எடுத்ததன் பலன் என்று சந்தோசப்பட்டார். நாங்கள் மறுக்கவில்லை.

நாலையும் ஏற்றினார்கள். முடிந்த அன்றைக்கே போய்க் கேட்டேன். “முதல்ல தலமுடி முளைக்கட்டும்” என்றாள். முளைத்தது. “இன்னும் கொஞ்சம் நீளட்டும்” என்றாள். கடப்பைத் திறந்து கனகாலம். விஞ்ஞான டீச்சர் போய்ச் சேர்ந்துவிட்டாள், கேற்றடியில் இருந்தவரும் போய்விட்டார். ஒவ்வொரு பெருநாள் காலையிலும் மச்சி வட்டிலப்பத்தோடு கடப்பால் வருவாள், நானும் விடாமல் கேட்பேன்.

“என்ன அவசரம் மதினி?” என்பாள்.