கழுத்தளவு நாற்பத்தொன்று

17 நவம்பர் 1977: தேர்வுக் கட்டணம், 600 தினார்.
9 மார்ச் 1978: தேர்வுக் கட்டணம், 600 தினார்.
21 ஜூன் 2004: உரிமமும் முத்திரையும், 9,400 தினார்.
1 அக்டோபர் 2005: வெள்ளைச் சட்டை ஒன்று, 1,450 தினார்.
12 பிப்ரவரி 2006: கூரைமேல் பனி, 64 சென்டிமீட்டர். கூரையடியில் ராஸ்ப்பெரி, 38 டன்.

முதல் கட்டணம் நான் கட்டியது. இரண்டாவதையும் மூன்றாவதையும் கட்டியவன் விட்டோமிர் டெஷிச். சட்டை யாருடையது என்று எங்களுக்குள் முடிவாகவே இல்லை.

விட்டோமிர் கட்டடப் பொறியாளர். பெல்கிரேடில் படிக்கையில் ஐந்து வருடம் என் அறையில் இருந்தான். பிறகு ஊரில், ஒரே வடிவமைப்பு அலுவலகத்தில், என் எதிர்மேசையில் உட்கார்ந்தான். கான்கிரீட் பாடத்தில் எனக்குப் பத்துக்குப் பத்து, அவனுக்கு ஏழு. இதை நான் அவனுக்கு அடிக்கடி நினைவுபடுத்தியிருக்கிறேன். அவன் ஒருமுறைகூட மறுத்ததில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் நாட்டில் பட்டம் பெற்றவர் கணக்குப் போடலாம், கையெழுத்திட முடியாது. மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, தொழில்முறைத் தேர்வில் தேறியவரே வரைபடத்தின் கீழ்மூலையில் ‘பொறுப்பு வடிவமைப்பாளர்’ என்ற கட்டத்தில் ஒப்பமிடலாம். மற்றவர் பெயர் அதற்குக் கீழே, ‘கணக்கிட்டவர்’ என்ற கட்டத்தில், சின்ன எழுத்தில் வரும்.

நான் முதலில் போனேன். வாய்மொழித் தேர்வில் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்:

“தொள்ளாயிரம் மீட்டர் உயரத்துல ஒரு கூரை. சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ பனி வெப்பீங்க?”

“எழுபத்தஞ்சு.”

“விதிநூல் உங்க முன்னாடியே இருக்கு. திறந்து பார்த்தே சொல்லலாம், தப்பில்ல.”

“எனக்குப் புத்தகம் வேண்டாம்.”

“அப்போ எங்களுக்கு நீங்களும் வேண்டாம் தம்பி. படிச்சிட்டு வாங்க.”

எழுபத்தைந்து என்பது பள்ளத்தாக்குக் கணக்கு. மலை ஏற ஏறக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அன்று மாலையே விட்டோமிர் வந்து என்ன கேட்டார்கள் என்று விசாரித்தான். சொன்னேன். நான்கு மாதம் கழித்து அவனிடமும் அதையே கேட்டார்களாம். புத்தகத்தைத் திறந்து, விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, வரியை உரக்கப் படித்தானாம். தேறிவிட்டான். கேள்வியைக் கொடுத்தவன் நான்.

“அவருக்குக் கெடச்சது உங்களுக்குக் கெடைக்காதா? இன்னொரு தடவை எழுதுங்களேன்” என்றாள் என் மனைவி மிலேவா.

“ஏழு மார்க் வாங்கினவன் எழுதின பரீட்சைய நான் ரெண்டு தடவை எழுதணுமா?”

“எழுதாட்டி, அவர் பேருக்குக் கீழயே இருங்க.”

அப்படியே இருந்தேன். 1978 முதல் நாங்கள் ஓய்வு பெறும்வரை எங்கள் மேசையிலிருந்து 412 வடிவமைப்புகள் போயின. கணக்கெல்லாம் என்னுடையது. விட்டோமிர் ஒவ்வொரு பக்கத்தையும் படிப்பான். தூண் ஒன்றுக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்வான். நூறு முறை பார்த்த விதியானாலும் நூலைத் திறந்து பார்ப்பான். அந்த எச்சில் விரலைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் வீடு கட்டுகிறவர்கள் அலுவலகத்துக்குள் வந்ததும் என்னைத் தாண்டித்தான் பார்ப்பார்கள். “இஞ்சினியர் ஐயா இருக்காரா?” என்று இன்னொரு இஞ்சினியரிடமே கேட்பார்கள்.

2004இல் புதிய சட்டப்படி அவனுக்கு உரிம எண்ணும் சொந்த முத்திரையும் வந்தன. முத்திரையைக் கைக்குட்டையில் சுற்றி மேல்கோட்டின் உள்பையில் வைத்திருப்பான். தாளில் குத்துவதற்கு முன் அதன் முகத்தைத் துடைப்பான், குத்தியபின்னும் துடைப்பான்.

அடுத்த ஆண்டு ராஸ்ப்பெரி வியாபாரி க்வோஸ்டென் மலைமேல் ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்ட வந்தார். அதுவரை எங்கள் கட்டடமெல்லாம் பள்ளத்தாக்கில்தான். கணக்கை ஆறு நாளில் முடித்தேன். 3 ஜூன், வெள்ளிக்கிழமை. விட்டோமிர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தான். கொத்தனார் தலைவர் ராடென்கோவும் க்வோஸ்டெனும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இருபத்தேழு வருஷமா எங்கிட்ட ஒரு தப்பு கண்டுபிடிச்சிருக்கியா?” என்றேன்.

“இல்ல.”

“அப்புறம் எதுக்குடா இந்த வேஷம்? பத்து வாங்கினவன் கணக்க ஏழு வாங்கினவன் திருத்துறான். பாக்கறவன் சிரிக்கிறான்.”

ராடென்கோ உண்மையிலேயே சிரித்துவிட்டார். “நீ ஒரு ரப்பர் கட்டைடா, விட்டோ. மை தொட்டா போதும், பேசத் தேவையில்ல” என்று நானும் ஏற்றிவிட்டேன்.

விட்டோமிரின் காது சிவந்தது. கண்ணாடியைக் கழற்றினான்.

“சரி. இந்த ஒரு தடவை உன்ன நம்பிப் போடறேன். அப்புறமாவது வாய மூடுவியா?”

பக்கம் புரட்டாமலே முத்திரை வைத்தான். நான் வென்றதாக அன்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

கூரையின் உச்சி உத்தரம் ஏறிய நாளில், எங்கள் ஊர் வழக்கப்படி, கட்டடக்காரரான க்வோஸ்டென் அதில் சட்டைகளைத் தொங்கவிட்டார். கொத்தனார்களுக்கு ஆளுக்கு ஒன்று, கையெழுத்திட்ட பொறியாளருக்கு ஒன்று. ‘கணக்கிட்டவர்’ என்ற கட்டத்துக்கு யாரும் சட்டை தொங்கவிடுவதில்லை. ஒவ்வொரு கூரையின்போதும் நான் விருந்தில் ஆட்டிறைச்சியைத் தின்றுவிட்டு வெறுங்கையோடு இறங்குவேன். விட்டோமிரின் வீட்டில் ஓர் அலமாரி நிறையச் சட்டைகள் உண்டு.

ராடென்கோ மேலேயிருந்து இறக்கிக் கொடுத்ததும், விட்டோமிர் அதை அப்படியே என் கையில் வைத்தான்.

“இது முழுக்க உன் கூரை. நான் ஒரு பக்கம்கூடப் படிக்கல. சட்டை உனக்கு.”

“பிச்சையா போடற?”

“வாங்கிக்கடா, எல்லாரும் பாக்கறாங்க.”

வாங்கிக்கொண்டேன். பிரிக்காமல் வைத்தேன். மிலேவா போடச் சொன்னபோது, நல்ல நாளுக்கு என்றேன்.

நான்கு மாதம் கழித்து, பனி விழுந்துகொண்டேயிருந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கூரை நடுவில் உட்கார்ந்து உள்ளே விழுந்தது. விடுமுறை, உள்ளே யாரும் இல்லை. செய்தி கேட்டதும் நான் முதலில் செய்தது, வீட்டில் என் நகலை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்ததுதான். பனிச்சுமை: சதுர மீட்டருக்கு 75 கிலோ. இடம் தொள்ளாயிரம் மீட்டர் உயரம். நூற்றெழுபத்தைந்து வைத்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் நான் அந்தப் புத்தகத்தைத் திறக்கவேயில்லை.

விசாரணைக்கு மூவர் வந்தார்கள். முழங்கால் பனியில், சிவப்பாய்க் கசிந்துகொண்டிருந்த பெட்டிகளுக்கு நடுவே, வரைபடச் சுருளைப் பிடித்தபடி நான் விட்டோமிர் பக்கத்தில் நின்றேன். ஒருவர் கேட்டார்:

“முத்திரை உங்களுதா?”

“என்னுது.”

“கீழ இன்னொரு பேர் இருக்கே, ஒப்ராத்னு. இவர் யாரு?”

விட்டோமிர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அவர் எனக்குக் கூட்டல் கழித்தல் போட்டுக் கொடுப்பார். அளவெல்லாம் நான் முடிவு பண்றது. பனி எவ்வளவுனு அவருக்குத் தெரியாது.”

வாயைத் திறந்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்று இன்றும் நிச்சயமில்லை. கணக்கு என்னுடையது என்றா, நான் கூட்டல்காரன் இல்லை என்றா? அவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவனுடைய உரிமத்தை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தார்கள். நீதிமன்றம் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதைச் செயல்படுத்தாமல் நிறுத்திவைத்தது. ஊர் முழுக்க அவன் பெயர்தான். அந்த வாரம் எனக்கு வந்த எண்ணத்தை அப்படியே எழுதிவைக்கிறேன்: நான் கட்டிய கட்டடங்களில் அதிகம் பேசப்பட்டது அதுதான், அதையும் அவன் எடுத்துக்கொண்டான்.

அந்த இரண்டு கோடையும் விட்டோமிர் கொள்முதல் நிலையத்தில் ராஸ்ப்பெரி எடைபோட்டான். தராசைக் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை சரிபார்ப்பானாம். டிசம்பரில் அவன் குடும்பப் புனிதர் திருநாளுக்கு நான் போவதை நிறுத்தினேன். அழைக்காமலே போக வேண்டிய நாள் அது. அவன் கேட்கவும் இல்லை.

2008இல் உரிமம் திரும்பி வந்தது. இனி யார் இவனிடம் போவார்கள் என்று காத்திருந்தேன். முதல் வாரத்திலேயே க்வோஸ்டென் வந்தார், கூரை விழுந்த அதே க்வோஸ்டென்.

“ஏங்க, இவர்கிட்டயேவா?” என்று கேட்டுவிட்டேன்.

“விழுந்தப்ப ஓடாம நின்ன ஆளு வேற எவன் இருக்கான், ஒப்ராத் அண்ணே? பேர் சொல்லுங்க, அவர்கிட்டயே போறேன்.”

பழைய அடித்தளத்தின்மேல் புதிய கூரை எழுந்தது. கணக்கு நான், முத்திரை அவன். இம்முறை ஒவ்வொரு பக்கத்தையும் படித்தான். சட்டையை அவனே வாங்கிக்கொண்டான்.

ஓய்வு பெற்றபின் அவன் நோவி சாத் நகரிலுள்ள மகள் வீட்டுக்குப் போனான். 20 பிப்ரவரி 2019 அன்று அவனுக்குக் கடிதம் எழுதினேன். மூன்றாம் பக்கம் என்னுடையது, எழுபத்தைந்து என் கையெழுத்து, இப்போதாவது அதை விசாரித்தவர்களுக்கு எழுதப்போகிறேன் என்றேன். கடைசியில், நான் வெறும் கூட்டல் போட்டவனா என்று கேட்டேன்.

பதிலுக்கு முன் அவன் மகளின் தொலைபேசி வந்தது. மார்ச் 11, திங்கட்கிழமை, இதயம். அடக்கம் 13ஆம் தேதி, ஊரிலேயே. மிலேவா அலமாரியைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்து வைத்தாள். பதின்மூன்று வருட மடிப்புகள் இஸ்திரிக்கும் போகவில்லை. மேல்பொத்தான் மாட்டவில்லை. என் கழுத்தளவு நாற்பத்து மூன்று. எந்தக் கட்டடக்காரர் வாங்கினாலும் அந்தச் சட்டை அவன் அளவில், நாற்பத்தொன்றில்தான் வாங்கப்பட்டிருக்கும். கழுத்து திறந்தபடி குழியோரம் நின்றேன்.

மறுநாள் தபால்காரர் அவன் கையெழுத்தில் ஓர் உறை கொண்டுவந்தார். உள்ளே ஐந்து வரி:

“ஒப்ராத், கணக்கு முழுக்க உன்னுடையதுதான், 412-உம். யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்லியே சொல். விழுந்ததில் மட்டும் பங்கு கேட்காதே. படிக்காமல் முத்திரை வைத்தவன் நான். அந்தப் பங்குக்கு நீ தேர்வில் தேறியிருக்க வேண்டும்.”

அந்த வரைபடத்தில் கடைசியிலும் அவன் பெயர் மேலே, என் பெயர் கீழே. விசாரித்தவர்களுக்கு எழுதிய கடிதத்தை நான் இன்னும் அனுப்பவில்லை. அவனுடைய கடிதம் வந்து சேர்ந்தது 14 மார்ச் 2019, வியாழக்கிழமை.